அடக்காதீர்கள்! உடம்புக்கும் வீட்டுக்கும் காருக்கும் ஒரே பாடம்

"டாக்டர், மருந்து சாப்பிடுற வரைக்கும் நல்லா இருக்கு. நிறுத்தினா மறுபடியும் இருமல் வந்துடுது!"

ஐப்பசி பிறந்ததிலிருந்து தை வரைக்கும் எங்கள் தாம்பரம் பக்கத்து வைத்தியர்கள் தினமும் கேட்கும் வசனம் இது. இதோடு இன்னும் இரண்டு வசனங்கள் உண்டு. "கார்ல ஒரு மணி நேரம் போனா போதும், தலைவலி பிச்சுக்கிட்டுப் போகுது" என்பது ஒன்று. "ஊருக்குப் போய்ட்டு வந்ததிலேர்ந்து ஒரே நீர்க்கடுப்பு" என்பது இன்னொன்று.

இருமல், தலைவலி, நீர்க்கடுப்பு... மூன்றுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது. வெளியே போக வேண்டிய ஒன்றைப் போக விடாமல் அடக்கி வைத்தால் வரும் தொல்லைகள் இவை. முதலாவதில் அடைபட்டுக் கிடப்பது வீட்டின் ஈரம். இரண்டாவதில் காருக்குள் இருக்கும் பழைய காற்று. மூன்றாவதில் சிறுநீர்.

பதினான்கு வேகங்கள்

சித்த மருத்துவக் கல்லூரியில் மாணவர்களுக்குச் சொல்லித் தரும் அடிப்படைப் பாடங்களில் ஒன்று 'பதினான்கு வேகங்கள்'. வேகம் என்றால் இங்கே விரைவு என்று அர்த்தமில்லை. உடம்பில் இயல்பாக எழும் உந்துதல் என்று பொருள். அபான வாயு, தும்மல், சிறுநீர், மலம், கொட்டாவி, பசி, தாகம், இருமல், இளைப்பு, தூக்கம், வாந்தி, கண்ணீர், சுக்கிலம், சுவாசம் ஆகியவையே அந்தப் பதினான்கு. இவற்றை வலிய அடக்கினால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக என்னென்ன நோய் வரும் என்று நம் முன்னோர்கள் பிரித்துப் பிரித்து எழுதி வைத்திருக்கிறார்கள்.

இந்தப் பாடத்தை உடம்போடு நிறுத்திக்கொள்ளக் கூடாது என்பது என் கருத்து. நாம் குடியிருக்கும் வீடும், ஏறிப் போகும் காரும் ஏறக்குறைய ஓர் உடம்பு மாதிரிதான். அவையும் சுவாசிக்க வேண்டும். ஈரத்தை வெளியேற்ற வேண்டும். அந்த வழியை அடைத்துவிட்டு, உள்ளே இருப்பவருக்கு மட்டும் சூரணம் கொடுத்துக்கொண்டிருந்தால் நோய் போகுமா? நீங்களே சொல்லுங்கள்!

ஊர்ப் பெயரிலேயே ஒரு வைத்தியம்

மின்சார ரயிலில் தினமும் போகிறவர்களுக்கு 'தாம்பரம் சானடோரியம்' என்ற ஸ்டேஷன் தெரியும். அந்தப் பெயர் எப்படி வந்தது என்று யோசித்திருக்கிறீர்களா?

டாக்டர் டேவிட் சௌரி முத்து என்பவர் 1928-ல் இங்கே காசநோயாளிகளுக்காக ஒரு சானடோரியம் தொடங்கினார். இங்கிலாந்தில் ஏற்கெனவே அப்படி ஒன்றை நடத்திய அனுபவம் உள்ளவர் அவர். காசநோயைக் கொல்லும் முதல் நல்ல மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது 1943-ல்தான். அதற்கு முன்பு வைத்தியர்கள் கையில் இருந்தவை திறந்த வெளிக் காற்று, வெயில், ஓய்வு, நல்ல சாப்பாடு. அந்தக் காற்றை நம்பித்தான் நகரத்தை விட்டு விலகி இருந்த தாம்பரத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அதுவே இன்றைய அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. அதே சானடோரியம் பகுதியில் 2005-லிருந்து தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் இயங்கி வருகிறது.

காற்று மட்டுமே காசநோயைக் குணப்படுத்திவிடாது. அதற்கு இன்று முறையான மாத்திரைகள் இருக்கின்றன. ஆனால் காற்றோட்டமான அறையில் கிருமிகள் நீர்த்துப்போகும், அடுத்தவருக்குத் தொற்றும் வாய்ப்பு குறையும் என்பது இன்றைக்கும் செல்லுபடியாகும் உண்மை. நல்ல காற்றுக்காகவே பெயர் வாங்கிய ஊரில் குடியிருந்துகொண்டு, நாம் என்ன செய்கிறோம்? கொசு வரும் என்று ஒரு ஜன்னலை மூடுகிறோம். ஜி.எஸ்.டி. ரோட்டுத் தூசி வரும் என்று இன்னொன்றை மூடுகிறோம். ஏ.ஸி. மாட்டியதும் மீதி ஜன்னலையும் மூடிவிட்டு, மேலே இருக்கும் வென்டிலேட்டருக்கு அட்டை வைத்து ஒட்டிவிடுகிறோம்!

பழைய வீடு ஏன் இருமுகிறது?

சேலையூர், சிட்லபாக்கம், குரோம்பேட்டை, பெருங்களத்தூர் பக்கமெல்லாம் முப்பது நாற்பது வருஷத்துக்கு முந்தைய தனி வீடுகள் இன்னும் நிறைய உண்டு. பி.எஃப். பணத்தைப் போட்டு அப்பா கட்டிய வீடு, விற்க மனசு வராது. ஆனால் அந்த வீடு கட்டிய பிறகு எத்தனை முறை ரோடு போட்டார்கள்? ஒவ்வொரு தடவையும் ரோடு ஏறியது, வீடு இறங்கியது. இரண்டு படி ஏறி நுழைந்த வாசலில் இன்று இரண்டு படி இறங்கி நுழைகிறோம். மழைத் தண்ணீரும் நம்மோடு சேர்ந்து இறங்குகிறது.

பல ஏரிகளுக்கு நடுவே அமைந்த பகுதி நம்முடையது. 2015 டிசம்பர் 1-ம் தேதி காலையிலிருந்து மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் சுமார் 49 செ.மீ. மழை கொட்டியது. முடிச்சூர், வரதராஜபுரம் மக்கள் மாடியில் தவித்ததை மறக்க முடியுமா? 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் நம் புறநகர் முழுக்கத் தண்ணீர்தான். வெள்ளம் இரண்டு மூன்று நாளில் வடிந்துவிடும். சுவர் குடித்த தண்ணீர் வடிய மாதக்கணக்காகும்.

ஈரச் சுவரில் பூஞ்சை பிடிக்கும். அது கரும்புள்ளியாகத் தெரியும்போதே அதன் நுண் விதைகள் காற்றில் கலந்திருக்கும். கூடவே, ஈரமான மெத்தை தலையணையில் கண்ணுக்குத் தெரியாத தூசிப் பூச்சிகள் பெருகும். ஆஸ்துமா குழந்தைக்கும், வயதானவர்களுக்கும் இந்த இரண்டுமே சத்ரு. ராத்திரி படுத்ததும் இருமல், விடியற்காலையில் இளைப்பு, ஆபீஸ் போனாலோ வெளியூர் போனாலோ குறைவது... இந்த மூன்றும் இருந்தால் உங்கள் வீட்டைச் சந்தேகப்படுங்கள்.

என்னிடம் வந்த ஓர் அம்மாவுக்குக் கார்த்திகை, மார்கழியில் மட்டும் இளைப்பு வரும். "எங்கே படுக்கிறீங்க, தலை எந்தப் பக்கம்?" என்று கேட்டேன். பாத்ரூம் சுவரை ஒட்டிப் போட்ட கட்டிலாம். கட்டிலை நகர்த்திப் பார்க்கச் சொன்னேன். அந்த மூலையில் சுவர் முழங்கால் உயரத்துக்கு ஊறி, பெயிண்ட் பொரிந்து கிடந்ததாம். உள்ளே குழாய் கசிவு. குழாயைச் சரிசெய்து, கட்டிலை எதிர்ப்பக்கம் மாற்றிய பிறகுதான் அவருக்குக் கொடுத்த மருந்து ஒழுங்காக வேலை செய்தது.

ஈரம் எங்கிருந்து வருகிறது? வீட்டிலேயே ஒரு பரிசோதனை

ஈரம் வரும் வழிகள் நான்கு. மொட்டை மாடியிலிருந்து இறங்குவது ஒன்று. தரையிலிருந்து சுவரில் ஏறுவது இரண்டு; இதில் சுவரின் அடிப்பகுதியில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூக்கும். குழாய்க் கசிவு மூன்று. நாலாவது, நாமே உண்டாக்குவது: சமையல் ஆவி, வெந்நீர்க் குளியல், மழைக்காலத்தில் ஹாலில் கொடி கட்டிக் காயப்போடும் துணி.

எது என்று கண்டுபிடிக்கச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. சப்பாத்தி சுற்றும் அலுமினியத் தாளை ஓரடிச் சதுரமாக வெட்டி, சந்தேகப்படும் சுவரில் நான்கு ஓரமும் இடைவெளி இல்லாமல் டேப் போட்டு ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். தாளின் உள்பக்கம், அதாவது சுவர்ப் பக்கம் ஈரம் இருந்தால் சுவருக்குள் தண்ணீர் வருகிறது. கொத்தனாரைக் கூப்பிட வேண்டும். வெளிப்பக்கம் ஈரம் இருந்தால் அறைக் காற்றில்தான் ஈரம் அதிகம். ஜன்னலைத் திறந்தாலே பாதி வேலை முடிந்தது.

கடுக்காய்: வயிற்றுக்கும் சுவருக்கும்

வயிற்றைச் சுத்தம் செய்ய நாங்கள் கொடுக்கும் கடுக்காய், ஒரு காலத்தில் கட்டட வேலைக்கும் பயன்பட்டது தெரியுமா? கடுக்காயையும் வெல்லத்தையும் ஊறவைத்த தண்ணீரைச் சுண்ணாம்புச் சாந்தில் கலந்து பூசுவார்கள். சுண்ணாம்புப் பூச்சுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. சுவருக்குள் போன ஈரத்தை அது மெல்ல மெல்ல வெளியே விட்டுவிடும்.

ரொம்பப் பழைய வீடுகளில், மரச் சட்டத்தின் மேல் செங்கலை நிறுத்திக் கட்டிய 'மெட்ராஸ் டெரஸ்' வீடுகளில் இந்தச் சுண்ணாம்புப் பூச்சு இருக்கும். "பொரியுது சார், சிமெண்ட் பூசிடலாம்" என்று யாராவது சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். சுண்ணாம்புச் சுவர் மேல் கனமாகச் சிமெண்ட் பூசுவது, மூக்கைப் பொத்திக்கொண்டு தும்முவது மாதிரி. வெளியே வர முடியாத ஈரம் உள்ளேயே நின்று செங்கல்லையும் மரத்தையும் அரிக்கும். சுண்ணாம்பு வேலை தெரிந்தவரைத் தேடிப் பிடியுங்கள். சிமெண்ட் வீடாக இருந்தாலும், முதலில் கசிவை நிறுத்தி, சுவரை நன்றாக உலரவிட்டு, அதன் பிறகே பெயிண்ட் அடிக்க வேண்டும். ஈரச் சுவரில் அடிக்கும் பெயிண்ட், புண்ணை ஆற்றாமல் மேலே போட்ட கட்டு.

பழைய கதவு ஜன்னலைச் சுரண்டும்போது ஜாக்கிரதை. அந்தக் காலத்து எனாமல் பெயிண்டுகளில் ஈயம் அதிகம். 2017 நவம்பரிலிருந்துதான் நம் நாட்டில் வீட்டுப் பெயிண்டில் ஈயத்தின் அளவு 90 பி.பி.எம்.முக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி நடைமுறைக்கு வந்தது. ஈயத் தூசி குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். காய்ந்தபடி தேய்க்காமல் தண்ணீர் நனைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள். வேலை முடிந்து ஈரத்துணியால் துடைக்கும் வரை குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

பூஞ்சையை எப்படித் துடைப்பது?

* மூக்கையும் வாயையும் மாஸ்க் போட்டு மூடிக்கொண்டு, சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடையுங்கள். காய்ந்த துடைப்பத்தால் தட்டினால் பூஞ்சை வீடு முழுக்கப் பறக்கும். ஆஸ்துமா உள்ளவர் இந்த வேலையைச் செய்யக் கூடாது.

* பிளீச்சிங் பவுடரையும் டாய்லெட் ஆசிட்டையும் எந்தக் காரணத்துக்காகவும் ஒன்றாகக் கலக்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பி நுரையீரலைத் தாக்கும்.

* பீரோ, கட்டில், புத்தக அலமாரி எல்லாவற்றையும் சுவரிலிருந்து நாலு விரற்கடை தள்ளிப் போடுங்கள். பின்னால் காற்று நடமாட வேண்டும்.

* மழை விட்ட நாட்களில் எதிரெதிர் ஜன்னல்களைச் சேர்த்துத் திறந்து வையுங்கள். ஒன்றை மட்டும் திறந்தால் காற்று வந்த வழி தெரியாமல் நிற்கும். கொசுவுக்கு வலை அடிக்கலாமே!

இங்கே ஒரு விஷயத்தை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். "சாம்பிராணி போட்டா ஈர வாடை போயிடும் இல்லையா டாக்டர்?" என்று பலர் கேட்கிறார்கள். வாடை மறையும், ஈரம் மறையாது. நொச்சி, வேப்பிலைப் புகை எல்லாம் நம் மரபில் உள்ளவைதான். ஆனால் மூடிய அறையில், இளைப்பு நோயாளி இருக்கும்போது எந்தப் புகையும் கூடாது. கொசுவர்த்திச் சுருளும் இதில் சேர்த்தி. முதலில் உலரட்டும். புகை போட்டே தீர வேண்டும் என்றால் ஆள் இல்லாத நேரத்தில் ஜன்னலைத் திறந்து வைத்துப் போடுங்கள்.

இன்னொன்று, உயிர் சம்பந்தப்பட்டது. பழைய வீட்டுக் குளியலறையில் கேஸ் கீசர் மாட்டி, குளிருக்காக வென்டிலேட்டரையும் அடைத்துவிடுகிறார்கள். கேஸ் எரியக் காற்று போதாவிட்டால் கார்பன் மோனாக்ஸைடு உண்டாகும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. நம் ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின், ஆக்ஸிஜனை விட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக இந்த விஷத்தைப் பிடித்துக்கொள்ளும். குளிக்கப் போனவர் தலை சுற்றி விழுந்து, சத்தமில்லாமல் உயிர் போய்விடும். கேஸ் கீசரைக் குளியலறைக்கு வெளியே மாட்டுங்கள். இன்றே அந்த அட்டையைப் பிரித்து எறியுங்கள்.

கார்: சக்கரம் வைத்த சின்ன அறை

வீட்டுக்குச் சொன்னதெல்லாம் காருக்கும் பொருந்தும். அது இன்னும் சின்ன அறை. அதனால் விளைவு இன்னும் சீக்கிரம். பழைய அம்பாஸடர், பத்மினி கார்களில் முன் கதவில் ஒரு சின்ன முக்கோணக் கண்ணாடி இருக்கும், ஞாபகம் இருக்கிறதா? அதைத் திருப்பிவிட்டால் குபுகுபுவென்று காற்று வரும். இப்போது கண்ணாடியை இறக்குவதே அபூர்வமாகிவிட்டது.

ஏ.ஸி. பட்டனுக்குப் பக்கத்தில், காருக்குள்ளேயே வளைந்து திரும்பும் அம்புக்குறி போட்ட பட்டன் ஒன்று இருக்கும். அதை அழுத்தினால் உள்காற்றே சுற்றிச் சுற்றி வரும். சீக்கிரம் குளிரட்டும் என்று அழுத்திவிட்டு அப்படியே மறந்துவிடுகிறோம். ஐந்து பேர் உட்கார்ந்த காரில் எல்லோரும் விட்ட மூச்சையே எல்லோரும் இழுத்துக்கொண்டிருக்கிறோம். கரியமில வாயு ஏறும். தலை கனக்கும், கொட்டாவி வரும், டிரைவருக்குக் கண் சொருகும். பல்லாவரம் நெரிசலில் லாரிக்குப் பின்னால் நிற்கும்போது அந்தப் பட்டன் இருக்கட்டும். நெரிசல் தாண்டியதும் வெளிக்காற்றுக்கு மாற்றுங்கள். அரை மணிக்கு ஒரு தடவை கண்ணாடியை இரண்டு நிமிஷம் இறக்குங்கள். காசு செலவில்லாத தலைவலி மருந்து இது!

காரில் ஏறியதும் ஊறப்போட்ட துணி மாதிரி வாடை வருகிறதா? ஏ.ஸி. காயிலில் தண்ணீர் தங்கிப் பூஞ்சை பிடித்திருக்கிறது. வீடு சேர ஐந்து நிமிஷம் இருக்கும்போது ஏ.ஸி.யை நிறுத்தி, ஃபேனை மட்டும் ஓடவிடுங்கள், காயில் உலரும். காருக்கு அடியில் தண்ணீர் சொட்டினால் கவலை வேண்டாம், அது இயல்பு. உங்கள் காலடியில் சொட்டினால் வடிகுழாய் அடைத்திருக்கிறது. உள்ளே வரும் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டரை வருஷத்துக்கு ஒரு முறையாவது மாற்றச் சொல்லுங்கள். மழையில் நனைந்த மிதியடியை அன்றைக்கே வெளியே எடுத்துக் காயப்போடுங்கள். இதையெல்லாம் விட்டுவிட்டு வாசனை பாட்டிலைத் தொங்கவிடுவது, சுவரில் சாம்பிராணி போட்ட கதைதான்.

காரைப் பொறுத்தவரை இந்த ஐந்தை மனசில் பதிய வையுங்கள்:

1. இன்ஜினையும் ஏ.ஸி.யையும் ஓடவிட்டுக்கொண்டு, கண்ணாடியை ஏற்றிவிட்டு, நின்ற காரில் தூங்காதீர்கள். புகைக்குழாயில் ஓட்டை இருந்தால், கீசருக்குச் சொன்ன அதே விஷ வாயு உள்ளே வரும். மூடிய ஷெட்டுக்குள் இன்ஜினை ஓடவிடுவதும் அதே ஆபத்து.

2. வெயிலில் நிறுத்திய காருக்குள் பத்தே நிமிஷத்தில் சுமார் 10 டிகிரி செல்ஷியஸ் வெப்பம் ஏறும். "ரெண்டு நிமிஷம்தானே" என்று குழந்தையை உள்ளே விட்டுவிட்டுக் கடைக்குப் போகாதீர்கள். இன்சுலினையும் காரில் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

3. பெட்ரோலை ட்யூப் போட்டு வாயால் உறிஞ்சாதீர்கள். தவறி உள்ளே போனால் நுரையீரல் வெந்துவிடும். அப்படி நடந்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

4. ரேடியேட்டரில் ஊற்றும் கூலன்ட் இனிக்கும், ஆனால் விஷம். ஜூஸ் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள்.

5. வெள்ளத்தில் மூழ்கிய காரின் சாவியைத் திருப்பாதீர்கள், இன்ஜின் போய்விடும். மெக்கானிக் வரட்டும். கழற்றிப் போட்ட பழைய டயர்களை மொட்டை மாடியில் போட்டு வைக்காதீர்கள். டெங்கு கொசுவுக்கு அதுதான் பிரசவ வார்டு.

பயணம்: அடக்கினால் ஆபத்து

இனி உடம்புக்கு வருவோம். 2023 டிசம்பர் 30-ல் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்த பிறகு தென் மாவட்டப் பஸ்கள் நம் வாசலிலிருந்தே கிளம்புகின்றன. தீபாவளி, பொங்கலுக்கு ஜி.எஸ்.டி. ரோட்டில் வண்டி எப்படி ஊரும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ராத்திரி பஸ் என்றால் நம் வீட்டுப் பெண்கள் என்ன செய்கிறார்கள்? மத்தியானத்திலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். வழியில் சுத்தமான கழிவறை கிடைக்குமோ கிடைக்காதோ என்ற பயம். தாகம், சிறுநீர் என்று ஒரே நேரத்தில் இரண்டு வேகங்களை அடக்குகிறார்கள். சிறுநீர் தேங்கினால் கிருமி பெருகும். மறுநாள் ஊரில் இறங்கியதும் நீர்க்கடுப்பு, அடிவயிற்று வலி, தலைவலி! இதில் வெட்கப்படவோ பொறுத்துக்கொள்ளவோ ஒன்றுமில்லை. தண்ணீரை மடக் மடக்கென்று குடிக்காமல், வாய் வாயாக அடிக்கடி குடியுங்கள். ஏறுவதற்கு முன் நிலையத்துக் கழிவறைக்குப் போய்விட்டு ஏறுங்கள். சொந்தக் காரில் போனால் இரண்டு மணிக்கு ஒரு தடவை நிறுத்துவது என்று கிளம்பும்போதே முடிவு செய்துவிடுங்கள். "இன்னும் அரை மணியில போயிடலாம், அடக்கிக்கோ" என்று சொல்லும் வீட்டுக்காரர்கள் இந்தப் பக்கத்தை இரண்டு முறை படிக்கவும்!

பொங்கலுக்குக் காப்புக் கட்டும்போது வேப்பிலை, ஆவாரம்பூவோடு சிறுபீளையையும் சேர்த்துக் கட்டுகிறோமே, அந்தச் சிறுபீளை சித்த மருத்துவத்தில் நீர்க்கடுப்புக்கும் கல்லடைப்புக்கும் கொடுக்கும் மூலிகை. நீங்களாகக் கஷாயம் போட்டுக் குடிக்காமல், வைத்தியரிடம் அளவு கேட்டுச் சாப்பிடுங்கள். சிறுநீரக நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் கட்டாயம் கேட்க வேண்டும்.

வாந்தியும் ஒரு வேகம். காரில் குழந்தைக்குக் குமட்டினால் "கொஞ்சம் பொறுத்துக்கோ" என்று அதட்டாதீர்கள். வண்டியை நிறுத்துங்கள், காற்றுப் படட்டும். கிளம்பும் முன் வயிறு முட்டச் சாப்பாடு வேண்டாம். வெறும் வயிறும் வேண்டாம். இரண்டு இட்லி போதும். பெரியவர்கள் ஒரு சிட்டிகை சுக்குப் பொடியைத் தேனில் குழைத்துச் சாப்பிடலாம், குமட்டல் அடங்கும். சர்க்கரை உள்ளவர்கள் தேனுக்குப் பதில் வெந்நீர்.

எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து, தூக்கம் என்ற வேகத்தை அடக்குவது. விடியற்காலை இரண்டிலிருந்து ஐந்து வரை உடம்பு தூக்கத்துக்காகக் கெஞ்சும். அந்த நேரத்தில் டீயும் பாட்டும் ஓரளவுக்குத்தான் கைகொடுக்கும். கொட்டாவி வரிசையாக வந்து, கடைசி இரண்டு கிலோமீட்டர் எப்படி ஓட்டினோம் என்றே நினைவில்லாவிட்டால், அடுத்த பெட்ரோல் பங்கில் ஓரங்கட்டுங்கள். இன்ஜினை நிறுத்தி, கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி, இருபது நிமிஷம் கண்ணை மூடுங்கள். ஊருக்கு ஒரு மணி நேரம் தாமதமாகப் போனால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

எப்போது உடனே டாக்டரிடம் போக வேண்டும்?

* இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சளியில் ரத்தம், சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவு இருந்தால் வீட்டு ஈரத்தைக் குறை சொல்லிக்கொண்டு உட்காராதீர்கள். சளிப் பரிசோதனை செய்யுங்கள். அரசு மருத்துவமனைகளில் காசநோய்ப் பரிசோதனையும் மருந்தும் இலவசம்.

* இளைப்பில் முழு வாக்கியம் பேச முடியவில்லை, உதடு நீலம் பாய்கிறது என்றால் ஒரு நிமிஷம் கூடக் காத்திருக்க வேண்டாம். இன்ஹேலர் எடுத்துக்கொள்பவர்கள் சித்த மருந்து ஆரம்பித்துவிட்டோம் என்று அதைத் தானாக நிறுத்தக் கூடாது.

* நீர்க்கடுப்போடு குளிர் காய்ச்சலும் முதுகு வலியும் சேர்ந்தால் அது சிறுநீரகத்தைத் தொட்டுவிட்ட அறிகுறி.

* நீண்ட பயணத்துக்குப் பின் ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் வந்தால் ரத்தம் உறைந்திருக்கலாம். எண்ணெய் போட்டு உருவிவிடாமல் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.

வரும் ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். வீட்டில் வென்டிலேட்டர் எத்தனை, அதில் எத்தனை அடைத்துக் கிடக்கிறது என்று எண்ணுங்கள். அலுமினியத் தாளைச் சுவரில் ஒட்டுங்கள். காரின் மிதியடியைத் தூக்கி அடியில் கையை வைத்துப் பாருங்கள். அடுத்த ஊர்ப் பயணத்துக்கு எங்கெங்கே நிறுத்துவது என்று வீட்டுப் பெண்களைக் கேட்டு எழுதி வையுங்கள். பெரிய செலவு எதுவும் இல்லை.

இவ்வளவையும் ஒரே நாளில் செய்ய முடியாது என்றால், படுக்கையறை பீரோவை மட்டுமாவது நாலு விரற்கடை நகர்த்துங்கள். பின்னால் சுவர் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். அடுத்த தடவை வைத்தியரிடம் போகும்போது இருமலைச் சொல்வதற்கு முன்னால் அந்தச் சுவரைப் பற்றிச் சொல்லுங்கள்.